பைத்தான் உள்ளமை பட்டியல்களில் வகைப் பிழை

வகைப் பிழை என்பது பைத்தான் நிரலாக்க மொழியில், ஒரு செயலை அதற்குப் பொருந்தாத தரவு வகையின் மீது செய்ய முயலும்போது எழும் பிழை ஆகும். பைத்தானில் இதன் பெயர் டைப்எரர். ஒரு பட்டியலின் உறுப்புகளாக வேறு பட்டியல்கள் அமையும்போது அது உள்ளமை பட்டியல் எனப்படுகிறது. உள்ளமை பட்டியல்களைக் கையாளும்போது வகைப் பிழை அடிக்கடி ஏற்படுகிறது. எத்தனையாவது அடுக்கில் எவ்வகைத் தரவு உள்ளது என்பதில் நிரலாளரின் எண்ணமும் நிரலில் உள்ள உண்மை நிலையும் வேறுபடுவதே பெரும்பாலும் இதற்குக் காரணமாகும்.

பிழை வெளிப்படும் வரியும் பிழை தோன்றிய வரியும் பெரும்பாலும் ஒன்றல்ல. தரவு நிரலுக்குள் நுழைந்த இடத்தில் தோன்றிய குறை, பல வரிகளுக்குப் பின்னர் ஒரு கூட்டலிலோ ஒப்பீட்டிலோ வெளிப்படும். எனவே பிழை காட்டப்பட்ட வரியை மட்டும் மாற்றுவது பல வேளைகளில் தீர்வு ஆவதில்லை.

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் 2019 முதல் பைத்தான் இடம்பெற்றுள்ளது. ஆனால் பைத்தானின் பிழைச் செய்திகள் ஆங்கிலத்திலேயே வெளியிடப்படுகின்றன. தமிழ்வழியில் பயிலும் மாணவர்களுக்கு அச்செய்திகளின் பொருள் விளங்கும்பொருட்டு இக்கட்டுரையில் அவை தமிழில் தரப்படுகின்றன.

எடுத்துக்காட்டுகள் பற்றிய குறிப்பு

கைடோ வான் ரோசம் உருவாக்கிய பைத்தான் 1991-இல் முதன்முதலாக வெளியிடப்பட்டது. 2008 திசம்பரில் வெளிவந்த பைத்தான் 3 முதல், மாறிகளுக்குத் தமிழ் எழுத்துகளில் பெயரிடலாம். இக்கட்டுரையின் மாறிப் பெயர்கள் அவ்வாறே தமிழில் உள்ளன. அவற்றை நிரலில் அப்படியே இடலாம். ஆனால் இன்ட், லென், சம், டைப் முதலிய உள்ளிணைந்த செயற்கூறுகளின் பெயர்கள் இங்கு ஒலிப்பு முறையில் எழுதப்பட்டுள்ளன. நிரலில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் இடவேண்டும்.

எடுத்துக்காட்டுகளுக்கு விழுப்புரம் மாவட்டத் தரவுகள் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி விழுப்புரம் நகரின் மக்கள்தொகை 96,253. திண்டிவனம் நகரின் மக்கள்தொகை 72,796. இவ்விரண்டின் கூட்டுத்தொகை 1,69,049.

உள்ளமை பட்டியலின் அமைப்பு

மேற்கண்ட தரவை உள்ளமை பட்டியலாகப் பின்வருமாறு எழுதலாம்:

மக்கள் = [["விழுப்புரம்", 96253], ["திண்டிவனம்", 72796]]

இங்கு மூன்று நிலைகள் உள்ளன. மக்கள் என்பது வெளிப்பட்டியல். அதில் இரண்டு உறுப்புகள் உள்ளன. மக்கள்[0] என்பது விழுப்புரத்துக்கான உட்பட்டியல். மக்கள்[0][0] என்பது "விழுப்புரம்" என்னும் சரம். மக்கள்[0][1] என்பது 96253 என்னும் முழு எண். பைத்தானில் சுட்டெண்கள் 0-இலிருந்து தொடங்குகின்றன என்பதால் மக்கள்[1] என்பது திண்டிவனத்தைக் குறிக்கும்.

ஒவ்வொரு சதுர அடைப்புக்குறியும் ஓர் அடுக்கு உள்ளே செல்கிறது. ஆகவே மாறியின் பெயரை அடுத்து எத்தனை அடைப்புக்குறிகள் உள்ளன என்பதை எண்ணினால், எந்த அடுக்கில் நிற்கிறோம் என்பது விளங்கும். இரு நகரங்களின் மக்கள்தொகையையும் கூட்ட,

மக்கள்[0][1] + மக்கள்[1][1]

என எழுதவேண்டும். இதன் விடை 169049.

பைத்தானின் வகையமைப்பு

பைத்தான் இயங்குநேர வகையமைப்பு உடையது. ஒரு மாறி எவ்வகைத் தரவைக் கொள்ளும் என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டியதில்லை. ஒரே பட்டியலில் சரம், முழு எண், பட்டியல் ஆகிய எல்லாவற்றையும் இடலாம். இதனால் பட்டியலை உருவாக்கும்போது பைத்தான் எதையும் தடுப்பதில்லை. உறுப்பை எடுத்துப் பயன்படுத்தும்போதுதான் வகை பார்க்கப்படுகிறது.

அதே வேளையில் பைத்தான் வலிய வகையமைப்பும் உடையது. சரத்தையும் எண்ணையும் கூட்டச் சொன்னால், அது தானாக ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்வதில்லை. வகைப் பிழையை எழுப்பி நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 96253 என்னும் எண்ணுடன் "72796" என்னும் சரத்தைக் கூட்டினால் "9625372796" என்னும் சரம் விடையாகக் கிடைக்கும். பைத்தானில் இது நிகழாது. இந்த நோக்கில் வகைப் பிழை ஒரு பாதுகாப்பும் ஆகும்.

பொதுவான வகைப் பிழைகள்

சரமும் எண்ணும் கலத்தல்

கோப்பிலிருந்தோ விசைப்பலகையிலிருந்தோ பெறும் தரவு பெரும்பாலும் சரமாகவே வருகிறது. காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட கோப்புகளைப் படிக்கும் சிஎசுவி கூறு, எல்லா மதிப்புகளையும் இயல்பாகச் சரங்களாகவே உள்ளமை பட்டியலில் தருகிறது. ஒரு வரிசை கோப்பிலிருந்து வந்து, மற்றொரு வரிசை நிரலில் நேரடியாக எழுதப்பட்டிருப்பின் பின்வரும் நிலை ஏற்படும்:

மக்கள் = [["விழுப்புரம்", "96253"], ["திண்டிவனம்", 72796]]
மக்கள்[0][1] + மக்கள்[1][1]

இவ்வரியில் வகைப் பிழை எழும். கூட்டல் குறிக்கு இடப்புறம் சரம் இருப்பதால், "சரத்துடன் சரத்தை மட்டுமே இணைக்க இயலும், முழு எண்ணை அன்று" என்னும் பொருளில் செய்தி வரும். இடப்புறம் முழு எண்ணும் வலப்புறம் சரமும் இருந்தால், "கூட்டல் குறிக்கு இவ்வகைகள் ஏற்கப்படா: முழு எண், சரம்" என்னும் பொருளில் செய்தி வரும். இரண்டும் ஒரே குறையையே சுட்டுகின்றன. பைத்தானின் பதிப்பைப் பொறுத்தும் செய்தியின் சொற்கள் மாறலாம்.

தீர்வு: சரத்தை எண்ணாக மாற்றுதல்.

மக்கள்[0][1] = இன்ட்(மக்கள்[0][1])

இம்மாற்றத்தைக் கூட்டல் வரியில் செய்வதைக் காட்டிலும், தரவைப் படிக்கும்போதே எல்லா வரிசைகளுக்கும் ஒருசேரச் செய்வது நன்று. இல்லையெனில் அதே பட்டியலைப் பயன்படுத்தும் ஒவ்வொரு வரியிலும் இதே மாற்றத்தைச் செய்ய நேரிடும்.

சுட்டெண்ணாகக் காற்புள்ளி இடுதல்

கணிதத்தில் அணியின் உறுப்பை நிரை, நிரல் எனக் காற்புள்ளியிட்டு எழுதுவது வழக்கம். அப்பழக்கத்தில்,

மக்கள்[0, 1]

என எழுதினால், "பட்டியலின் சுட்டெண் முழு எண்ணாகவோ துண்டாகவோ இருக்கவேண்டும், டியூப்பிளாக அன்று" என்னும் பொருளில் வகைப் பிழை எழும். காற்புள்ளியால் பிரித்த 0, 1 ஆகிய இரண்டையும் பைத்தான் ஒரே டியூப்பிளாகக் கொள்வதே காரணம். மக்கள்[0][1] என்பதே சரியான வடிவம். நம்பை என்னும் எண்கணிப்பு நூலகத்தின் அணிகளில் காற்புள்ளி வடிவம் ஏற்கப்படுகிறது. ஆகவே நம்பைக்கு எழுதிய நிரலைச் சாதாரணப் பட்டியலுக்குக் கொண்டுவரும்போதும் இப்பிழை ஏற்படும்.

ஊரின் பெயரையே சுட்டெண்ணாக இட்டு, மக்கள்["திண்டிவனம்"] என எழுதினாலும் இதே செய்தி வரும். டியூப்பிள் என்னும் இடத்தில் சரம் என்று இருக்கும். பெயரைக் கொண்டு தரவைத் தேடவேண்டுமெனில் பட்டியலுக்கு மாறாக அகராதி என்னும் தரவு வகையைப் பயன்படுத்தவேண்டும்.

இரு உட்பட்டியல்களுக்கிடையே காற்புள்ளி விடுபடுதல்

மக்கள் = [["விழுப்புரம்", 96253] ["திண்டிவனம்", 72796]]

இதில் இரு உட்பட்டியல்களுக்கும் இடையே காற்புள்ளி இல்லை. இது தொடரியல் பிழையாகக் காட்டப்படும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் பைத்தான் இரண்டாவது அடைப்புக்குறியை முதற்பட்டியலின் சுட்டெண்ணாக எடுத்துக்கொள்கிறது. அதனுள் காற்புள்ளி இருப்பதால், மேலே கண்ட டியூப்பிள் பற்றிய அதே வகைப் பிழை எழுகிறது. எங்கும் சுட்டெண் இடாத ஒருவருக்கு இச்செய்தி குழப்பம் தரும். 2019-இல் வெளிவந்த பைத்தான் 3.8 முதல், காற்புள்ளி விடுபட்டிருக்கலாம் என்னும் எச்சரிக்கையும் உடன் வெளியிடப்படுகிறது.

அளவுக்கு மீறி உள்ளே செல்லுதல்

மக்கள்[0][1][0]

மக்கள்[0][1] என்பது 96253 என்னும் முழு எண். எண்ணுக்குள் உறுப்புகள் இல்லை. ஆகவே "முழு எண்ணுக்குச் சுட்டெண் இட இயலாது" என்னும் பொருளில் வகைப் பிழை எழும். இச்செய்தியைக் கண்டால், ஓர் அடைப்புக்குறி மிகுதியாக உள்ளதா, அல்லது பட்டியல் இருக்கவேண்டிய இடத்தில் எண் வந்துவிட்டதா என்று பார்க்கவேண்டும்.

அடுக்கு குலைதல்

விழுப்புரம் மாவட்டச் சட்டமன்றத் தொகுதிகளின் வரிசை எண்களைக் கொண்ட ஒரு பட்டியலைக் காண்க:

தொகுதிகள் = [["செஞ்சி", 70], ["மயிலம்", 71]]

இதனுடன் ["திண்டிவனம்", 72] என்னும் வரிசையைச் சேர்க்க அப்பெண்ட் என்னும் செயற்கூறைப் பயன்படுத்தவேண்டும். மாறாக எக்ஸ்டெண்ட் என்பதைப் பயன்படுத்தினால், உட்பட்டியல் பிரிக்கப்பட்டு அதன் உறுப்புகள் தனித்தனியே சேர்க்கப்படும். பட்டியல் பின்வருமாறு ஆகும்:

[["செஞ்சி", 70], ["மயிலம்", 71], "திண்டிவனம்", 72]

சேர்த்த வரியில் பிழை ஏதும் எழாது. பின்னர் தொகுதிகள்[3][1] எனக் கேட்கும்போதுதான் முழு எண்ணுக்குச் சுட்டெண் இட இயலாது என்னும் வகைப் பிழை எழும். குறை இருப்பது சேர்த்த வரியில்; பிழை காட்டப்படுவது எடுத்த வரியில்.

இன்மை மதிப்பைப் பட்டியலாகக் கொள்ளுதல்

அப்பெண்ட், சார்ட் ஆகிய செயற்கூறுகள் பட்டியலை அதே இடத்தில் மாற்றுகின்றன. புதிய பட்டியல் எதையும் திருப்பித் தருவதில்லை. அவை தருவது நன் எனப்படும் இன்மை மதிப்பு. ஆகவே,

தொகுதிகள் = தொகுதிகள்.அப்பெண்ட்(["வானூர்", 73])

என எழுதினால், பட்டியல் இருந்த மாறியில் இன்மை மதிப்பு இடப்படும். அடுத்து தொகுதிகள்[0] எனக் கேட்டவுடன் "இன்மை வகைக்குச் சுட்டெண் இட இயலாது" என்னும் பொருளில் வகைப் பிழை எழும். தீர்வு, சமக்குறியும் இடப்புறமும் இன்றி அப்பெண்ட் பகுதியை மட்டும் எழுதுவதாகும். வரிசைப்படுத்திய புதிய பட்டியல் வேண்டுமெனில் சார்ட்டட் என்னும் செயற்கூறைப் பயன்படுத்தலாம்.

உள்ளமை பட்டியலை நேரடியாகக் கூட்டுதல்

சம் என்னும் செயற்கூறு 0-இலிருந்து தொடங்கி உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டுகிறது. சம்(மக்கள்) என எழுதினால், முதல் உறுப்பு ஓர் உட்பட்டியல் என்பதால் 0 என்னும் எண்ணுடன் பட்டியலைக் கூட்ட முயன்று வகைப் பிழை எழும். ஒவ்வொரு உட்பட்டியலிலிருந்தும் எண்ணை மட்டும் மடக்கு வழியாக எடுத்துக் கூட்டவேண்டும்.

ஒழுங்கற்ற உள்ளமைவு

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் ஆகிய தொடருந்து நிலையங்கள் அமைந்துள்ளன. இவ்வழித்தடத்தைப் பின்வருமாறு எழுதுவதாகக் கொள்க:

வழி = ["விழுப்புரம்", ["முண்டியம்பாக்கம்", "விக்கிரவாண்டி", "பேரணி", "மயிலம்"], "திண்டிவனம்"]

இதில் முனை நிலையங்கள் சரங்களாகவும், இடை நிலையங்கள் ஒரு பட்டியலாகவும் உள்ளன. ஜாயின் என்னும் செயற்கூறால் இவற்றை ஒரே வரியாக இணைக்க முயன்றால், "1 ஆம் உறுப்பு: சரம் எதிர்பார்க்கப்பட்டது, பட்டியல் காணப்பட்டது" என்னும் பொருளில் வகைப் பிழை எழும். இச்செய்தியிலும் எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்குகிறது. 1 என்பது இரண்டாவது உறுப்பு. இத்தகைய பட்டியலில் எல்லா உறுப்புகளையும் ஒரே அடுக்கில் அமைப்பதே எளிய தீர்வு.

பட்டியலைச் சாவியாக இடுதல்

அகராதியின் சாவியாகவோ கணத்தின் உறுப்பாகவோ பட்டியலை இட இயலாது. இரு ஊர்களுக்கிடையேயான தொலைவைப் பதிய ["விழுப்புரம்", "திண்டிவனம்"] என்னும் பட்டியலைச் சாவியாக இட்டால் வகைப் பிழை எழும். பட்டியல் பின்னர் மாற்றப்படக்கூடியது; சாவி மாறாது இருக்கவேண்டும். சதுர அடைப்புக்குறிக்கு மாறாகப் பிறை அடைப்புக்குறி இட்டு ("விழுப்புரம்", "திண்டிவனம்") என டியூப்பிளாக எழுதினால் ஏற்கப்படும். ஆனால் அந்த டியூப்பிளுக்குள் ஒரு பட்டியல் இருந்தால் மீண்டும் பிழை எழும்.

பிழை காட்டாத தவறுகள்

வகைப் பிழை எழும் நிரல் நின்றுவிடும். தவறு உண்டென்பது தெரிந்துவிடும். அதே குறை சில வேளைகளில் பிழை எதையும் எழுப்பாமல் தவறான விடையைத் தந்துவிடும். இவையே கூடுதல் கவனத்துக்கு உரியவை.

இரு எண்களும் சரமாக இருத்தல்: ஒன்று மட்டும் சரமாக இருந்தால் வகைப் பிழை எழும். இரண்டுமே சரமாக இருந்தால் "96253" + "72796" என்பது "9625372796" என இணைந்துவிடும். பைத்தானின் பார்வையில் இது சரியான சர இணைப்பு.

எண்ணுக்குள் காற்புள்ளி இடுதல்: அச்சில் உள்ளவாறே 96,253 என மேற்கோள் குறியின்றி எழுதினால், பைத்தான் அதை 96, 253 என்னும் இரு உறுப்புகளாகக் கொள்ளும்.

மக்கள் = [["விழுப்புரம்", 96,253], ["திண்டிவனம்", 72,796]]

இப்போது ஒவ்வொரு உட்பட்டியலிலும் மூன்று உறுப்புகள் உள்ளன. மக்கள்[0][1] + மக்கள்[1][1] என்பதன் விடை 96, 72 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 168 ஆகும். 1,69,049 பேர் வாழ்ந்த இரு நகரங்களுக்கு 168 பேர் என்னும் விடை எவ்வித எச்சரிக்கையும் இன்றிக் கிடைக்கிறது. காற்புள்ளிக்குப் பின் 05, 053 போல 0-இல் தொடங்கும் எண் வந்தால் மட்டும் தொடரியல் பிழை காட்டப்படும். இலக்கங்களைப் பிரித்துக் காட்ட விரும்பினால், பைத்தான் 3.6 முதல் 96_253 என அடிக்கோடு இட்டு எழுதலாம்.

எண்களைச் சரங்களாக ஒப்பிடுதல்: சரங்கள் எழுத்து எழுத்தாக ஒப்பிடப்படுகின்றன. "96253" என்னும் சரம் "169049" என்பதைவிடப் பெரியதாகக் கொள்ளப்படும். முதல் எழுத்தான 9, 1-ஐ விடப் பின்னர் வருவதே காரணம். சரத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் பைத்தான் 3 வகைப் பிழையை எழுப்பும். 2020 சனவரி 1 அன்று ஆதரவு நிறுத்தப்பட்ட பைத்தான் 2, இத்தகைய ஒப்பீட்டையும் பிழையின்றி ஏற்று, எண்ணைச் சரத்தைவிடச் சிறியதாகக் கொண்டது.

சரத்துக்குள் சுட்டெண் இடுதல்: எண்ணுக்குச் சுட்டெண் இட்டால் பிழை எழும்; சரத்துக்கு இட்டால் எழாது. மேலே கண்ட வழி என்னும் பட்டியலில் வழி[1][0] என்பது "முண்டியம்பாக்கம்" என்னும் நிலையப் பெயரைத் தரும். வழி[0][0] என்பதோ "வ" என்னும் ஒற்றை எழுத்தைத் தரும்.

தமிழ்ச் சரங்களில் கவனிக்கவேண்டியவை

வழி[0][0] என்பதன் விடை "வி" அன்று, "வ" என்பது கவனிக்கத்தக்கது. ஒருங்குறியில் "வி" என்னும் உயிர்மெய், "வ" என்னும் குறியும் இகரக் குறியும் ஆகிய இரு குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. பைத்தான் குறிகளையே எண்ணுகிறது. "விழுப்புரம்" என்னும் சொல்லில் தமிழ் இலக்கணப்படி 6 எழுத்துகள் உள்ளன. லென் என்னும் செயற்கூறு 11 எனக் காட்டும். "திண்டிவனம்" என்பதிலும் எழுத்துகள் 6; லென் காட்டுவது 10. தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரிக்க ஓப்பன்-தமிழ் என்னும் கட்டற்ற பைத்தான் நூலகம் உதவுகிறது.

மேலே கண்ட குலைந்த பட்டியலில் தொகுதிகள்[2][1] எனக் கேட்டால் 72 கிடைக்காது. "திண்டிவனம்" என்பதன் இரண்டாவது குறியான இகரக் குறி மட்டும் கிடைக்கும். திரையில் தனித்த உயிர்க்குறி ஒன்று தோன்றினால், பட்டியலின் அடுக்கு குலைந்துள்ளது என ஐயுறலாம்.

தமிழ் இலக்கங்களில் எழுதிய சரத்தையும் இன்ட் செயற்கூறு ஏற்கும். இன்ட்("௯௬௨௫௩") என்பதன் விடை 96253. ஆனால் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றைக் குறிக்கும் ௰, ௱, ௲ என்னும் குறிகள் ஏற்கப்படா. நிரலில் மேற்கோள் குறியின்றித் தமிழ் இலக்கங்களை எண்ணாக எழுதவும் இயலாது.

மதிப்புப் பிழையுடன் வேறுபாடு

வகை பொருந்தி, மதிப்பு பொருந்தாதபோது எழுவது மதிப்புப் பிழை ஆகும். இன்ட்("96,253") என எழுதினால் எழுவது மதிப்புப் பிழை. சரத்தை ஏற்கும் செயற்கூறுக்குச் சரமே தரப்பட்டுள்ளது, ஆனால் அதிலுள்ள காற்புள்ளியை அதனால் எண்ணாகக் கொள்ள இயலவில்லை. ரீப்ளேஸ் என்னும் செயற்கூறால் காற்புள்ளியை நீக்கிய பின்னர் மாற்றவேண்டும். இன்ட்(["96253"]) எனப் பட்டியலைத் தந்தால் எழுவது வகைப் பிழை. பட்டியலில் இல்லாத இடத்தை, எடுத்துக்காட்டாக மக்கள்[2] எனக் கேட்டால் எழுவது சுட்டெண் பிழை. மூன்றையும் வேறுபடுத்தி அறிந்தால் தேடவேண்டிய இடம் சுருங்கும்.

பிழையைக் கண்டறியும் முறை

1. பிழைச் செய்தியைக் கீழிருந்து மேலாகப் படிக்கவேண்டும். கடைசி வரியில் பிழையின் பெயரும் காரணமும், அதற்கு மேல் பிழை எழுந்த வரியும் இருக்கும். 2022-இல் வெளிவந்த பைத்தான் 3.11 முதல், வரியின் எப்பகுதியில் பிழை எழுந்தது என்பதும் குறியிட்டுக் காட்டப்படுகிறது. பல அடைப்புக்குறிகள் உள்ள வரியில் இது பயன் மிக்கது.

2. அடைப்புக்குறிகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கவேண்டும். மக்கள்[0][1] என்பதில் பிழை எழுந்தால், டைப்(மக்கள்), டைப்(மக்கள்[0]), டைப்(மக்கள்[0][1]) ஆகியவற்றை வரிசையாக அச்சிட்டால், எந்த அடுக்கில் எதிர்பாராத வகை உள்ளது என்பது தெரியும்.

3. மதிப்பைத் தனியே அச்சிடாமல் வரிசை முழுவதையும் அச்சிடவேண்டும். 96253 என்னும் எண்ணும் "96253" என்னும் சரமும் தனியே அச்சிடும்போது ஒன்றுபோலவே தோன்றும். பட்டியலாக அச்சிட்டால் சரத்தைச் சுற்றி மேற்கோள் குறி தெரியும்.

4. அத்தரவு பட்டியலுக்குள் எவ்வரியில் நுழைந்தது என்பதைப் பின்னோக்கித் தேடவேண்டும். திருத்தம் அவ்வரியில் செய்யப்படவேண்டும்.

5. திருத்திய பின்னர், விடை முன்பே தெரிந்த சிறு தரவைக் கொண்டு சரிபார்க்கவேண்டும். இரு நகரங்களின் தொகையைக் கையால் கூட்டி 1,69,049 என அறிந்திருந்தால், 168 என்னும் விடை உடனே ஐயத்தை எழுப்பும்.

பிழையை மறைத்தல்

டிரை, எக்செப்ட் ஆகிய கட்டளைகளால் வகைப் பிழையைப் பிடித்து நிரலைத் தொடர்ந்து இயங்கச் செய்யலாம். பிழை எழுந்த வரிசையை ஒன்றும் கூறாமல் விட்டுவிடுமாறு எழுதுவது தீங்கானது. திண்டிவனத்தின் மதிப்பு சரமாக இருந்து, அவ்வரிசை விடப்பட்டால், விடை 96253 என வரும். அது விழுப்புரத்தின் தொகை மட்டுமே என்பது விடையைப் பார்ப்பவருக்குத் தெரியாது. பிழையைப் பிடிப்பதாயின், எந்த வரிசை விடப்பட்டது என்பதையேனும் பதிவு செய்யவேண்டும்.

தவிர்க்கும் வழிகள்

* ஒரே அடுக்கில் உள்ள உறுப்புகள் யாவும் ஒரே வகையாக இருக்குமாறு பட்டியலை அமைத்தல்.
* பெயர், தொகை எனப் பொருள் வேறுபடும் உறுப்புகளைக் கொண்ட வரிசைகளுக்கு உட்பட்டியலுக்கு மாறாக டியூப்பிளையோ அகராதியையோ பயன்படுத்துதல். அகராதியில் [1] என்பதற்கு மாறாக ["தொகை"] எனக் கேட்கலாம் என்பதால் குழப்பம் குறையும்.
* தரவு நுழையும் இடத்திலேயே வகையை மாற்றிச் சரிபார்த்தல்.
* வகைக் குறிப்புகள் இடுதல். 2015-இல் வெளிவந்த பைத்தான் 3.5 முதல் மாறிகள், செயற்கூறுகள் ஆகியவற்றின் வகையைக் குறிக்க ஒரு பொது முறை உள்ளது. பைத்தான் தானாக இக்குறிப்புகளைச் செயற்படுத்துவதில்லை. மைபை போன்ற சரிபார்ப்புக் கருவிகள் நிரலை இயக்கும் முன்னரே அவற்றைக் கொண்டு பிழைகளைச் சுட்டுகின்றன.
* எண்கள் மட்டும் கொண்ட பெரிய அட்டவணைகளுக்கு நம்பை அணிகளைப் பயன்படுத்துதல். உட்பட்டியல்களின் நீளம் ஒன்றாக இல்லையெனில், நம்பை 1.24 முதல் அவற்றை அணியாக்கும்போதே மதிப்புப் பிழை எழும். இதனால் அடுக்குக் குலைவு தொடக்கத்திலேயே தெரியவரும்.

தமிழில் நிரலாக்கம்

பைத்தானில் எழுதப்பட்ட எழில் என்னும் தமிழ் நிரலாக்க மொழி, கட்டளைச் சொற்களையும் தமிழிலேயே கொண்டது. இதனை முத்து அண்ணாமலை உருவாக்கினார். விழுப்புரத்தில் இயங்கிவரும் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு, ஊரகப் பகுதி மாணவர்களிடையே கட்டற்ற மென்பொருளைப் பரப்பும் பணியில் ஈடுபட்டுள்ளது. பைத்தானும் கட்டற்ற மென்பொருளே ஆகும். எவரும் கட்டணமின்றிப் பெற்று இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகளை இயக்கிப் பார்க்கலாம்.

இவற்றையும் பார்க்கவும்

* பைத்தான்
* தரவு வகை
* எழில் (நிரலாக்க மொழி)
* ஒருங்குறி
* விழுப்புரம் மாவட்டம்